ஒன்பது விரல் பாட்டு

ஜப்பானிய மொழியில் மூன்றாம் நிலைத் தேர்வு தேறியவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. அதற்கு மேலே இன்னும் இரண்டு நிலைகள் இருக்கின்றன என்பதை நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். ஒரகடத்தில் ஆலைக்குக் குறைவில்லை, ஜப்பானிய மொழி தெரிந்தவர்களுக்குத்தான் குறைவு. அதனால் நானும் சில வருடங்கள் சர்க்கரையாகவே இருந்தேன்.

2012, 13 வாக்கில் நான் வேலை பார்த்தது, காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துத் தரும் ஒரு தொழிற்சாலை. நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். ஜப்பானிலிருந்து வந்திருந்த அதிகாரிகள் பேசுவதை நம்மவர்களுக்குச் சொல்வேன், நம்மவர்கள் பேசுவதை அவர்களுக்குச் சொல்வேன். ‘சொல்வேன்’ என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. உண்மையில் நான் செய்தது, முள்ளை எல்லாம் எடுத்துவிட்டு மீனைப் பரிமாறுவது. “இது குழந்தைகூடச் செய்யாத தப்பு” என்று ஜப்பானிய அதிகாரி கத்தினால், “இன்னும் கொஞ்சம் கவனமா செய்யலாம்னு சொல்றார்” என்பேன். “இந்தாளுக்கு வேற வேலை இல்லையா மேடம்” என்று சூப்பர்வைசர் முணுமுணுத்தால், உடனே கவனிப்பதாகச் சொல்கிறார் என்று அந்தப் பக்கம் குனிந்து சொல்வேன். நான் இருந்தால் மீட்டிங்கில் சண்டையே வராது என்று எல்லோரும் சொன்னார்கள். அதை நற்சான்றிதழ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காதுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று ஜப்பானியப் பாட்டுகளை இணையத்தில் தேடிக் கேட்கும் பழக்கம் இருந்தது. அப்படித்தான் அந்தப் பாட்டு கிடைத்தது. பாடுவது மனுஷி இல்லை, கணினி. எழுத்தைக் கொடுத்தால் ஒரு சிறுமியின் குரலில் பாடித் தரும் மென்பொருள் அங்கே உண்டு, வீட்டில் உட்கார்ந்தபடி யார் வேண்டுமானாலும் அதைப் பாடவைக்கலாம். இந்தப் பாட்டைச் செய்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. பாட்டில் ஒரு பெண் தன் விரல்களை எண்ணுகிறாள். ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரைக்கும் போகிறது. பிறகு, அம்மா, இன்றைக்கும் ஒன்பதுதான் இருக்கிறது என்கிறாள். மறுபடி எண்ணுகிறாள், மறுபடி ஒன்பது. கோபம், அழுகை ஒன்றும் இல்லாத குரல். கேட்டு முடித்ததும் நான் என் விரல்களை எண்ணிப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்தப் பாட்டுக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு இணையக் குழு இருந்தது. போலந்திலிருந்து ஒரு மாணவர், பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு நர்ஸ், பிரேசில்காரர் ஒருவர், இன்னும் எங்கெங்கோ இருந்து நூறு பேர். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: பத்தாவது விரல் எங்கே? வாக்குத் தவறியதற்காக வெட்டப்பட்டது என்றார் மாணவர். அந்தப் பெண் செத்துப்போனவள், அதனால் எண்ணிக்கை சரியாக வராது என்றார் நர்ஸ். கணினிக் குரல் தன்னையே பாடிக்கொள்கிறது, அதற்கு ஏது விரல் என்றார் பிரேசில்காரர். மாதக்கணக்கில் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய், ஜப்பானியர்களோடு தினமும் வேலை செய்கிறேன் என்று ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான், வரிக்கு வரி என்னிடம் அர்த்தம் கேட்க ஆரம்பித்தார்கள். தொழிற்சாலையில் என்னை யாரும் அப்படி மதித்ததில்லை, எனக்குத் தலைகால் புரியவில்லை.

படப்பையில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில், ஒரே அறையில் என்னோடு இருந்த பெண்ணை இங்கே சொல்ல வேண்டும். சாத்தூர்ப் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது. என் தொழிற்சாலையிலேயே லைனில் டிரெய்னி. ஒயர் நுனியில் இருக்கும் சின்ன உலோக முனையைப் பிளாஸ்டிக் கனெக்டருக்குள் தள்ளிப் பொருத்துவது அவள் வேலை. முழுதாக நுழைந்தால் ‘கிளிக்’ என்று ஒரு துள்ளல் வரும். லைன் சத்தத்தில் அது காதுக்குக் கேட்காது, விரலுக்குத்தான் தெரியும். ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கில் தள்ளுவாள். வருடம் முடிந்ததும் டிரெய்னிகளில் சிலரை மட்டும் தொடரச் சொல்வார்கள், மற்றவர்கள் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். “ஊருக்குப் போனா திரும்பத் தீப்பெட்டி ஆபீஸ்தான்க்கா. நான் போக மாட்டேன்” என்பாள். படப்பையில் தனியாக ஷேர் ஆட்டோ ஏறி, தனக்குப் பிடித்த சுடிதாரைத் தானே எடுத்துவருவதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்காகவே அவள் இங்கே இருக்க ஆசைப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மொட்டைமாடியில் துணி துவைக்கும்போது என் போனில் அந்தப் பாட்டு ஓடும். விடுதி நடத்திய அம்மா படியேறி வந்து, “இன்னாம்மா இது, காலங்காத்தால பேய்ப் பாட்டு போட்டுகினு கீறீங்க? வூட்டுக்கு ஆவாதும்மா” என்று திட்டிவிட்டுப் போவார். இவளுக்கு மட்டும் பயமே இல்லை.

“யக்கா, இந்தப் புள்ள ஏன் மூச்சே விடாமப் பாடுது?” என்று முதல் நாளே கேட்டாள்.

குழுவில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. மெஷினுக்கு எதுக்கு மூச்சு என்றேன். “லைன்ல நாங்களும் அப்படித்தான். ஒயர் கட்டுற போர்டு நகந்துக்கிட்டே இருக்கும், மூச்ச அடக்கிட்டுத்தான் குத்துவோம்” என்றாள். சிரித்தேன். சாயங்காலம் அதை, மூச்சைப் பற்றியதை மட்டும், குழுவில் எழுதினேன். ஆகா என்றார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அதுவே எங்கள் வேலையானது. நான் வரிகளைத் தமிழில் சொல்வேன், அவள் துணியைப் பிழிந்தபடி யோசிப்பாள். போலந்து இப்படிச் சொல்கிறது, பிரேசில் இப்படிச் சொல்கிறது என்பேன். “வெட்டிருந்தா ரத்தம் வந்துருக்கும்ல, பாட்டுல ரத்தமே இல்லையே” என்று போலந்தை ஒரே போடாகப் போட்டாள். ஒரு ஞாயிறு, துவைத்த துணியைக் கொடியில் போட்டு கிளிப் மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“யக்கா, அந்த வெரலு எங்கயும் போகல. அங்கயேதான் இருக்குது. இருக்கது அவளுக்குத் தெரிய மாட்டேங்குது. அதான் எண்ணும்போது விட்டுப்போகுது.”

“இரு, இரு. இன்னொரு தடவ சொல்லு” என்றேன்.

“அம்மாகிட்ட சொல்றா பாருங்க, அது தேடித் தரச் சொல்லி இல்லக்கா. ஒன்பதுதான் இருக்குது, திட்டாதன்டு கேக்குறா.”

உனக்கு எப்படி இது தோன்றியது என்று நான் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னது, சொற்களை அப்படியே போனில் தட்டிக்கொள்வதற்காக. அவள் கிளிப்பை இடது கையால் மாட்டிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு இன்றைக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கும் கண்ணில் பட்டிருக்கத்தான் வேண்டும்.

அதை என் கருத்தாகவே குழுவில் போட்டேன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். விரல் தொலையவில்லை, உணர்வுதான் தொலைந்தது என்று அழகாக ஆங்கிலத்தில் எழுதினேன். நூறு பேரும் குதித்தார்கள். படித்துவிட்டு அழுததாக நர்ஸ் எழுதியிருந்தார். போலந்து மாணவர் தன் விளக்கத்தையே வாபஸ் வாங்கினார். எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு, மூல மொழியில் படித்தால் தெரியும் என்று பதில் போட்டேன். என்ன பதில் அது! நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அந்த மாதம் வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. ஒரு வண்டியில் விளக்கு எரியவில்லை. பிரித்துப் பார்த்தால் உலோக முனை கனெக்டருக்குள் பாதிதான் நுழைந்திருந்தது. மறு வாரமும் அதே குறை. தேதி, ஷிப்ட், போர்டு நம்பர் பார்த்ததில் இரண்டும் என் அறைப் பெண் கையிலிருந்து போனவை. அவளை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். தரப்பிரிவைப் பார்த்துக்கொண்ட ஜப்பானிய மேலாளர், அவளுடைய சூப்பர்வைசர், அவள், நான்.

எங்கள் இடத்தில் ஒரு குறை வந்தால் ஐந்து முறை ஏன் என்று கேட்க வேண்டும். ஒய்-ஒய் என்போம். ஒவ்வொரு பதிலையும் வெள்ளைப் பலகையில் எழுதுவார்கள். ஐந்தாவது பதில்தான் மூல காரணம், பரிகாரம் அதற்குத்தான் செய்யப்படும். மேலாளர் பேனாவைத் திறந்தார். ஏன் விளக்கு எரியவில்லை? முனை கழன்றுவிட்டது. ஏன் கழன்றது? பாதிதான் நுழைந்திருந்தது. ஏன் பாதி? கிளிக் வரும் முன்பே கையை எடுத்துவிட்டாள். ஏன் எடுத்தாள்? கிளிக் வந்துவிட்டதாக நினைத்தாள். இவ்வளவும் சுமுகமாகப் போனது. பிறகு அவர் பேனாவை மூடிவிட்டு, அவளை நேராகப் பார்த்து, ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்டார். அதட்டலே இல்லை. பதில் தெரிந்தாக வேண்டும் என்பதுபோல் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டார்.

அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “வெரலு மரத்துப் போச்சுக்கா. வெரலு இருக்குது, இருக்கது தெரிய மாட்டேங்குது.”

எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அது பாட்டின் வரி. நான் குழுவில் எழுதிய வரி. இந்தப் பெண் பாட்டுப் பைத்தியம் பிடித்து, மாட்டிக்கொண்டதும் சாக்குக்கு அதையே எடுத்து நீட்டுகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பக்கத்திலிருந்த சூப்பர்வைசர் என் பக்கம் சாய்ந்து, “மேடம், அதெல்லாம் வாணாம். அட்டென்ஷன் இல்லன்னு சொல்லி முடிச்சுடுங்க” என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு வசதியாகவும் இருந்தது. இரண்டில் எது என்னைத் தள்ளியது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இரண்டும்தான். அதற்குக் கீழே மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. ‘மரத்துப்போதல்’ என்பதற்கு ஜப்பானியச் சொல் அந்த நேரத்தில் என் வாய்க்கு வரவில்லை. பாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய எனக்கு.

மேலாளரிடம் திரும்பி, அவளுடைய கவனம் சிதறிவிட்டதாகச் சொன்னேன். ஜப்பானிய மொழியில் மன்னிப்புக் கேட்பது நீண்ட வேலை. தொந்தரவு கொடுத்ததற்கு வருத்தம், இனி நடக்காமல் பார்த்துக்கொள்வோம், தயவுசெய்து பொறுத்தருள வேண்டும் என்று ஐந்தாறு வாக்கியம் பேசி இரண்டு முறை குனிந்தேன். அவள் கண்ணெடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலாளர் பேனாவை மறுபடி திறந்தார். பிறகு பலகையில் ஐந்தாவது ஏனுக்கு எதிரே கவனக்குறைவு என்று எழுதினார்.

கவனக்குறைவுக்கு ஒரே பரிகாரம்தான் உண்டு, ஆளை மாற்றுவது. மாதக் கடைசியில், தொடரப்போகும் டிரெய்னிகளின் பட்டியல் வந்தபோது அவள் பெயர் அதில் இல்லை.

அவள் கிளம்பிய ஞாயிறு நான் அறையில்தான் இருந்தேன். பஸ் மாலையில். காலையிலேயே துணிகளை இஸ்திரி போட்டு மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் கொப்புளித்திருந்தன.

“எப்போ சுட்டுக்கிட்ட?” என்றேன்.

அவள் விரலைத் திருப்பிப் பார்த்தாள். “அட ஆமாக்கா. இப்பத்தான் பாக்குறேன்” என்றாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நாளாக இப்படி என்று அப்போதுதான் கேட்டேன். மூன்று மாதமாக என்றாள். சூப்பர்வைசரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். எல்லாருக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்றிருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“ஒங்ககிட்ட சொன்னேன்லக்கா” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. “நீங்க ஆபீஸ் ஆளு. நேராச் சொன்னா, ஒங்கள வச்சு வேல மாத்தப் பாக்குறேன்டு நெனப்பீங்க. அதான் பாட்டோட பாட்டாச் சொன்னேன். நீங்களும் போன்ல எழுதிக்கிட்டீங்க. சரி, அக்கா யாருகிட்டயோ சொல்லப்போகுதுன்டு நெனச்சேன்.”

சொன்னேன்தான். போலந்துக்குச் சொன்னேன், பிரேசிலுக்குச் சொன்னேன். ஊர் பேர் தெரியாத நூறு பேர் அந்த விரலுக்காகக் கண்ணீர் விட்டார்கள்.

எனக்கு அழுகை வந்தது. அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். “யக்கா, நீங்க அழாதீங்க. அன்னைக்கு எவ்வளவு நேரம் பேசுனீங்க எனக்காக! குனிஞ்சு குனிஞ்சு கேட்டீங்க. எனக்கு அந்தப் பாசை தெரியாட்டியும் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். அந்தாளு எறங்கி வரல, நீங்க என்ன செய்வீங்க?” என்றாள்.

வாயைத் திறந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தேன். “முடிஞ்ச வரைக்கும் பேசிப் பாத்தேன்” என்று வந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, மேலாளரின் அறைக்குப் போனேன். தனியாகத்தான் இருந்தார். உட்காரச் சொன்னார், என்ன விஷயம் என்று கேட்டார். மரத்துப்போதலுக்கு உரிய சொல்லை அகராதியில் பார்த்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அந்தத் திங்கட்கிழமை சொல்லியிருந்தால்கூட அவளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம், லைனில் வேறு இடம் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் முதலில் கேட்கப்போவது, மீட்டிங்கிலேயே ஏன் சொல்லவில்லை என்பதுதான். அதற்கு நான் ஒரு பதில் சொன்னால் அதற்கும் ஏன் என்பார். ஐந்து முறை ஏன் கேட்கத் தெரிந்த மனிதர். அடுத்த வாரம் வரும் விருந்தினர்களின் பட்டியலைப் பற்றிக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். கழிவறையில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

குழுவில் மட்டும் துணிச்சல் வந்தது. அந்த விளக்கம் என்னுடையது அல்ல, என் அறையில் இருந்த ஒரு தொழிலாளிப் பெண் சொன்னது, அவளுக்கே விரல் அப்படித்தான் இருந்தது என்று எழுதினேன். எனக்குத் திட்டு வேண்டியிருந்தது. யாரும் திட்டவில்லை. எவ்வளவு அற்புதம் என்றார்கள். கடைசிச் சரணத்துக்கு அவள் என்ன அர்த்தம் சொல்கிறாள், கேட்டுச் சொல்ல முடியுமா என்று பிரேசில்காரர் கேட்டிருந்தார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து மேலாளர் லைனைச் சுற்றி வரும்போது, அதே இடத்தில் நின்ற வேறொரு பெண் கையை உதறிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். என்னைக் கூப்பிடவில்லை. அவள் கையை வாங்கித் தானே விரல் நுனியை அழுத்திப் பார்த்து, தெரிகிறதா என்று சைகையில் கேட்டிருக்கிறார். அவள் தலையாட்டி இல்லை என்றிருக்கிறாள். மறுநாளிலிருந்து அந்த வேலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் நிற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதை நோட்டீஸ் பலகைக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்தது நான்தான். இதற்கு முன் யாரும் இப்படிச் சொன்னதில்லையா என்று அவர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். அடுத்த வருடம் அவர் ஜப்பானுக்கு மாற்றலாகிப் போனார்.

அதற்கடுத்த பொங்கலுக்கு அவள் போன் செய்தாள். தீப்பெட்டி ஆபீஸில்தான் இருக்கிறாள். நடுவிரல் கொஞ்சம் பரவாயில்லை, இன்னொன்று அப்படியேதான் இருக்கிறது என்றாள். அம்மா பேச வேண்டும் என்கிறார் என்று போனைக் கொடுத்தாள்.

“தாயி, எம்புள்ளைக்காக நீங்க அம்புட்டுத் தூரம் மன்றாடுனீகளாமே, நல்லாருக்கணும்” என்றார் அந்த அம்மா. நான் ஏதோ முனகினேன். “ஆனா ஒண்ணு தாயி. ஒரு பொட்டப்புள்ள, வெரலு மரத்துப் போச்சுன்டு வாயத் தொறந்து சொல்லுது. அதக் காதுல வாங்கிட்டும் வேலைய விட்டு அனுப்புனான் பாருங்க, அந்த ஆளு, அவன் வெளங்குவானா? அவன் நல்லாருப்பானா?”

“அவரு இப்ப இங்க இல்லம்மா. அவங்க ஊருக்கே போயிட்டாரு” என்றேன்.

“எங்க போனாலும் விடாது தாயி” என்றார்.